பேய் கேட்கும் பங்கு

பழைய மாளிகை. பூட்டிய அறை. சுவரில் ஒரு படம். புயலோ பனியோ அடிக்கும் இரவு. எல்லாம் தெரிந்து பாதியை மட்டும் சொல்லும் வயதான வேலைக்காரி. எதையும் நம்பாத ஒரு படித்தவர். துன்பப்பட்டுச் செத்த ஒரு பெண். ஒரு குழந்தை. காரணமில்லாமல் ஊளையிடும் நாய். கடைசியில் வெளிப்படும் குடும்ப ரகசியம்.

அக்கா மகள் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். விக்டோரியா காலப் பேய்க்கதையின் கோதிக் மரபுகள் யாவை என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நோட்ஸில் கொடுத்திருக்கும் பட்டியல் இது. கம்பைநல்லூர் பஸ் ஸ்டாண்டில் தருமபுரி பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டாள்.

"மாமா, இதுல ஒண்ணாச்சும் நம்ம பக்கம் இருக்குதா?"

"நாய் இருக்குது" என்றேன்.

பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மாளிகை யார் பேரில் இருக்கிறது என்று அது கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்ற ஒன்பதும் ஏன் அங்கே வந்தன என்று தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

*

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் மூத்தது ஹொரேஸ் வால்போல் 1764இல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை'. கல்யாணத்தன்று மாப்பிள்ளைப் பையன் மேல் வானத்திலிருந்து ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து அவனை நசுக்கிவிடுகிறது. படிக்கிறவருக்குச் சிரிப்புத்தான் வரும். காரணத்தைத் தேடிப்போனால் சிரிப்பு நின்றுவிடும். பையனின் முப்பாட்டன் அந்தக் கோட்டைக்கு உரியவனிடம் வேலை பார்த்தவன். எஜமானுக்கு விஷம் வைத்துவிட்டுப் போலி உயில் ஒன்றைக் காட்டிக் கோட்டையை எடுத்துக்கொண்டான். பேரன் காலத்தில் செத்தவர் வந்து நிற்கிறார். உண்மையான வாரிசு இன்னார் என்று அறிவித்த பிறகுதான் போகிறார்.

சிவில் கோர்ட்டில் மூன்று தலைமுறையாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டிய வழக்கு அது. வாதி செத்துப்போனதால் பேயாக ஆஜராகிறார், அவ்வளவுதான். கோட்டை இடிந்து விழுகிற இடியோசை, நிலவறை, ரத்தம் சிந்தும் சிலை எல்லாம் அதற்குப் போட்ட ஜோடனை.

*

விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட பேய்க்கதைகளில் எனக்கு முதலிடம் எலிசபெத் கேஸ்கெல் எழுதிய 'முதிய தாதியின் கதை'. சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' பத்திரிகையின் 1852 கிறிஸ்துமஸ் சிறப்பிதழில் வந்தது. கேஸ்கெல் மான்செஸ்டரில் ஒரு பாதிரியாரின் மனைவி. ஆலைத் தொழிலாளர்களின் பட்டினியை நாவலாக எழுதியவர். பேய்க்கதைக்கு அதைவிட நல்ல தகுதி வேறு என்ன வேண்டும்?

கதையைச் சொல்பவள் ஹெஸ்டர் என்ற தாதி. தாய் தகப்பன் இல்லாத ரோசமண்ட் என்ற சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் உறவினர் மாளிகைக்குப் போகிறாள். அங்கே கிரேஸ் என்று ஒரு கிழவி. காது கேட்காது, சிரிப்பே கிடையாது. கூடவே ஒரு தோழி. சில வேலைக்காரர்கள். கிழக்குப் பக்கத்துக் கட்டடம் எப்போதும் பூட்டியே கிடக்கும். கூடத்தில் பெரிய ஆர்கன் வாத்தியம் ஒன்று உண்டு. குளிர்கால இரவுகளில் அது தானே ஒலிக்கும். ஹெஸ்டர் ஒருநாள் அதைத் திறந்து பார்க்கிறாள். உள்ளே எல்லாம் உடைந்து நொறுங்கிக் கிடக்கிறது.

கிரேஸின் இளமைக்காலப் படம் சுவரில் மாட்டியிருக்கிறது. இன்னொரு படம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. அது மாட் என்ற அக்காவுடையது.

பனி கொட்டுகிற ஒரு நாளில் குழந்தை காணாமல் போகிறது. ஒரு மரத்தடியில் விறைத்துத் தூங்கிக்கொண்டிருந்ததாக இடையன் ஒருவன் தூக்கி வருகிறான். ஒரு சிறுமி ஜன்னலுக்கு வெளியே நின்று கூப்பிட்டாளாம். போனேன் என்கிறது குழந்தை. பனியில் இருந்ததோ ஒரே ஒரு ஜோடிக் காலடிதான்.

பிறகு அந்தச் சிறுமியை ஹெஸ்டரே பார்க்கிறாள். கண்ணாடிக்கு வெளியே நின்று இரண்டு கையாலும் தட்டுகிறாள். கொஞ்சமும் சத்தமில்லை. கேஸ்கெல் செய்த பெரிய வேலை இந்தச் சத்தமின்மைதான். உடைந்த வாத்தியம் ஊரே கேட்க வாசிக்கிறது, அடிபட்ட குழந்தையின் அழுகை மட்டும் யார் காதிலும் விழவில்லை. அந்த வீட்டில் யாருக்குக் குரல் உண்டு, யாருக்கு இல்லை என்பது இதற்குள் புரிந்துவிடுகிறது.

ரகசியம் இது: அக்கா, தங்கை இருவருமே ஒரு வெளிநாட்டுச் சங்கீதக்காரனை விரும்பினார்கள். அக்கா அவனை ரகசியமாகக் கட்டிக்கொண்டு ஒரு பெண்ணையும் பெற்றுவிட்டாள். குழந்தையைக் கிழக்குக் கட்டடத்தில் ஒளித்து வளர்த்தாள். தங்கை பொறாமையில் தகப்பனிடம் சொல்லிவிட்டாள். அவர் பேத்தியை ஊன்றுகோலால் அடித்து, தாயையும் பிள்ளையையும் பனி இரவில் வெளியே தள்ளினார். விடிந்தபோது பிள்ளை பிணம். தாய்க்குச் சித்தம் கலங்கிவிட்டது. கிழவி கிரேஸ்தான் அந்தத் தங்கை. கடைசி இரவில் அந்தக் காட்சி முழுவதும் கூடத்தில் மறுபடி நடக்கிறது. தான் இளமையில் கல்லாக நின்ற கோலத்தையும் கிழவி கண்ணால் பார்க்கிறாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

*

அண்ணன் வீட்டு வாசலுக்குப் பிள்ளைகளோடு வந்து நின்ற ஒருத்தியின் கதையை எங்கள் பக்கம் யாரும் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

நல்லதங்காள். பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி வாசல் கதவைச் சாத்துகிறாள், இருக்கும் தானியத்தை ஒளிக்கிறாள், எரியாத பச்சை விறகைக் கொடுத்து அடுப்பு மூட்டச் சொல்கிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். தப்பித்து ஓடும் மூத்த பிள்ளையைப் பிடித்து இழுத்து வரும் இடத்தில் கூத்துப் பார்க்கும் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள்.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறந்த வீடு. வெளியே தள்ளப்பட்ட தாயும் பிள்ளையும். வீட்டுக்குள் இருக்கும் இன்னொரு பெண்ணின் பொறாமை. அங்கே பனி கொல்கிறது, இங்கே வறட்சி. அங்கே தகப்பனுக்கு மானம் பெரிது. இங்கே அண்ணிக்குக் குதிர் பெரிது. பொறாமை என்று மேலோட்டமாகச் சொல்கிறோம். அடியில் இருப்பது பங்கு. வீட்டை விட்டுக் கட்டிக்கொடுத்த பெண் திரும்பி வந்தால் அவளுக்கு என்ன உரிமை? கேஸ்கெல் காலத்து இங்கிலாந்தில் அதற்குப் பதில் இல்லை. கூத்து நடக்கும் களத்திலும் இல்லை. பதில் இல்லாத இடத்தில்தான் இரண்டு ஊரிலும் கதை பிறந்தது.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான். மாட் அந்த மாளிகையின் பனியிலேயே அலைகிறாள், வருஷா வருஷம், சத்தமில்லாமல். நல்லதங்காளுக்கு வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயில் இருக்கிறது. அவள் பேயாகித் திரிய வேண்டிய அவசியம் வரவில்லை. அவளுக்கு நடந்தது என்ன என்று ஊருக்கே தெரியும், ராத்திரி முழுக்கப் பாடுகிறார்கள், அழுகிறார்கள். அண்ணியின் பெயர் இன்றைக்கும் வசவு.

*

மேலே எழுதியதை அழகுபடுத்திவிடக் கூடாது. சாமியாக்கிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று ஆகாது. நல்லதங்காளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து கூடப்பிறந்தவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற அண்ணன்மார் எந்த ஊரிலும் உண்டு.

*

நேரம். ஆங்கிலப் பேய்க்கு நள்ளிரவு. மணிக்கூண்டு பன்னிரண்டு அடிக்க வேண்டும். எங்கள் பக்கம் பகல் பன்னிரண்டும் ஆகாத நேரம். உச்சிவேளையில் ஆற்றோரம் போகாதே, புளியமரத்தடியில் நிற்காதே, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கிணற்றுமேட்டில் உட்காராதே. தருமபுரி வெயிலைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. சித்திரையில் தென்பெண்ணை மணலில் நடுப்பகலில் ஒரு சுடுகுஞ்சு இருக்காது. தனிமைக்கு இருட்டே தேவையில்லை.

*

நோட்ஸ் பட்டியலில் 'படம்' என்று ஒரு வரி. செத்தவரின் படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பது கோதிக் கதையில் ஒரு பெரிய சைகை.

இங்கே அதற்கு நேர்மாறு. எங்கள் வட மாவட்டங்களில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டில் கன்னியாகவோ, சுமங்கலியாகவோ செத்துப்போன பெண் அவள். ஆற்றங்கரைக்கோ கிணற்றடிக்கோ போய்ப் பூங்கரகம் ஜோடித்து, பம்பை உடுக்கையோடு அவளை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். புதுப் புடவை, மஞ்சள், வளையல், பூ எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள். அந்தப் புடவையைப் பிறகு வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொள்வாள். பூவாடைக்காரியைக் கேட்காமல் வீட்டில் நல்ல காரியம் நடக்காது. சில வீடுகளில் அவள் யார்மேலாவது வந்து இறங்கிப் பேசுவாள். என்னை மறந்துட்டீங்களேடா என்பதுதான் பெரும்பாலும் முதல் வார்த்தை.

கேஸ்கெல் மாளிகையில் யாராவது மாட் பேருக்கு ஒரு புடவை வைத்திருந்தால் கதையே இல்லை. கதை எழுதுகிறவர்களுக்கு நஷ்டம், குழந்தைக்கு லாபம்.

*

நாய்க்கு வருகிறேன். விக்டோரியா காலக் கதைகளில் பேயை முதலில் உணர்வது நாய். ஊளையிடும், படியேற மறுக்கும், சில கதைகளில் செத்தே போகும். அதோடு அதன் வேலை முடிந்தது.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறு, அதாவது மாட்டு மந்தை, காக்கப்போய்ச் செத்த வீரனோடு அவன் நாயும் கல்லில் இருக்கிறது. அதன் பேர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டே சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்த மாளிகைகளில் ஊளையிட்ட நாய்களில் எதற்காவது இந்தக் கொடுப்பினை உண்டா?

தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகல் வரிசையைப் பார்க்கலாம். மாடு மீட்கப் போனவன், புலியோடு சண்டையிட்டவன், ஊரைக் காக்கப்போய் அம்பு பட்டவன். எல்லாம் அகால மரணம். நம் ஊர்க் கணக்குப்படி பேயாகி அலைய வேண்டியவர்கள். கல் நட்டு, பெயர் வெட்டி, பெரும்படையல் போட்டதால் அலையவில்லை. கல் எடுப்பதற்குக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு படி சொல்கிறது தொல்காப்பியம். அரூர், ஊத்தங்கரை, செங்கம் பக்கம் இந்தக் கல்லில் பலவும் இன்று வேடியப்பன். செத்தவன் பேரும் சண்டையும் மறந்துவிட்டது. பொங்கலும் கிடாவும் நிற்கவில்லை.

நடுகல் பெரும்பாலும் ஆணுக்கு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிணற்றில் விழுந்தவளுக்கு அரசன் பேரும் ஆட்சியாண்டும் வெட்டிய கல் கிடைக்கவில்லை. அவளுக்குப் பம்பையும் உடுக்கையும்தான்.

*

மயானம் என்றாலே கோதிக் கதையில் பாசி படர்ந்த கல்லறை, வளைந்த மரம், ஒற்றை மணி. எங்கள் பக்கம் மாசி சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. அங்காளம்மன் வேஷம் கட்டிக்கொண்டு, பம்பை முழங்க, குழந்தை குட்டிகளோடு ஊரே சுடுகாட்டுக்குப் போகும். கொழுக்கட்டையும் சுண்டலும் தானியமும் வாரி இறைப்பார்கள். காவேரிப்பட்டணத்தில் கூட்டம் தாங்காது. அங்கே பலூன் விற்பவரைப் பார்த்தால் வால்போல் எழுதுவதை விட்டிருப்பார்.

*

ஒரு புத்தக அட்டைப் பெயர் வெகுநாளாக உறுத்துகிறது. 1883இல் வந்த சேலம் மாவட்டக் கையேடு, இரண்டு பாகம். தொகுத்தவர் எச். லெ ஃபனு. தருமபுரி 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் தனி மாவட்டம், அதுவரை சேலம்தான். ஆக எங்கள் ஊர்ப் பக்கத்து நிலம், கிணறு, வரி, சாதி, மழை எல்லாவற்றையும் எழுதி வைத்தவர் ஒரு லெ ஃபனு. விக்டோரியா காலப் பேய்க்கதையின் பெரும் பெயர் டப்ளினில் இருந்த ஷெரிடன் லெ ஃபனு. 1872இல் 'கார்மில்லா'வைத் தன் தொகுப்பில் சேர்த்து வெளியிட்டு, அடுத்த வருஷம் செத்துப்போனவர். குடும்பப் பெயர் ஒன்று. அதற்கு மேல் உறவுமுறை எதையும் நான் கட்டவில்லை. ஆனால் அந்தக் கையேட்டைப் பேய்க்கதையாகவும் படிக்கலாம் என்பேன். அது வந்தது தாது வருஷப் பஞ்சத்துக்கு ஐந்து வருஷம் கழித்து.

எங்களுக்கு விக்டோரியா காலம் என்றால் அதுதான். 1876 முதல் 1878 வரை. 1877 ஜனவரி 1ஆம் தேதி டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார். அதே மாதங்களில் சென்னை மாகாணத்தில் பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைக் குறைத்தார் ரிச்சர்ட் டெம்பிள். நாள் முழுக்கக் கல் உடைத்தால் ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். 1871 கணக்கெடுப்பில் இருந்த சேலம் ஜில்லா ஜனங்களில் லட்சக்கணக்கானவர்கள் 1881 கணக்கெடுப்பில் இல்லை.

அந்த இரண்டு டிசம்பரிலும் லண்டனில் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து வழக்கம்போலப் பேய்க்கதை படித்தார்கள். படித்ததைக் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் பேய்களில் ஒன்றுகூடப் பட்டினிப் பேயாக இல்லாததைச் சொல்கிறேன்.

*

மாளிகை இல்லாமலும் கோதிக் நடக்கும் என்று காட்டியவர் டிக்கன்ஸ். 1866 கிறிஸ்துமஸில் வந்த 'சிக்னல்காரர்'. மண்ணை ஆழமாக வெட்டிப் போட்ட ரயில் பாதை; இரண்டு பக்கமும் ஈரம் கசியும் சுவர்; முன்னால் சுரங்கத்தின் கறுத்த வாய்; சிவப்பு விளக்கு. பழைய கோட்டையின் நிலவறையை அப்படியே தூக்கி ரயில்வேக்குக் கொடுத்துவிட்டார். விளக்குப் பக்கத்தில் ஓர் உருவம் கையால் முகத்தை மறைத்து நின்று எச்சரிக்கிறது. தோன்றும்போதெல்லாம் பின்னாலேயே சாவு. எதைத் தடுக்க வேண்டும் என்று மட்டும் அது சொல்வதில்லை. மூன்றாவது முறை செத்தது சிக்னல்காரர்.

எழுதுவதற்கு ஒரு வருஷம் முன்னால், 1865 ஜூன் 9, ஸ்டேபிள்ஹர்ஸ்ட்டில் டிக்கன்ஸ் போன ரயில் பாலத்திலிருந்து கவிழ்ந்தது. பத்துப் பேர் செத்தார்கள். அவர் பெட்டி தொங்கிக்கொண்டு நின்றது. சரியாக ஐந்து வருஷம் கழித்து அதே ஜூன் 9இல் அவர் இறந்தார்.

இந்தக் கதையில் சொத்து இல்லையே, உன் வாதம் என்ன ஆச்சு என்று கேட்டால், இருக்கிறது என்பேன். அந்த மனிதர் படித்தவர். விஞ்ஞானம் படிக்க ஆரம்பித்து வழி தவறியவர். அந்தப் பள்ளத்தில் ஒற்றை ஆளாகப் பகலும் இரவும் நின்று, தான் தடுக்க முடியாத விபத்துக்கெல்லாம் பொறுப்பேற்கிறார். தந்தி அடித்து 'ஆபத்து' என்றால், என்ன ஆபத்து என்று மேலே கேட்பார்கள்; சொல்லத் தெரியாது; வேலை போய்விடும். அவருடைய பயத்தில் பேய் பாதி, கம்பெனி பாதி.

எங்களுக்குப் பக்கத்து ரயில் நிலையம் மொரப்பூர். சென்னையிலிருந்து வந்த பாதை 1861இல் இந்த வழியாகச் சேலத்தைத் தொட்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஒரு சின்ன ரயில் விட்டார்கள், குறுகிய பாதை. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோக என்று திட்டம். தாது வருஷம் கற்பித்த பாடம். பிறகு ஓசூர் வரை நீண்டது. 1941இல், உலகப்போர் நடுவே, மூடி, தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். 2019இல் மொரப்பூர்–தருமபுரி புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். நடுவில் ஓடிய எழுபத்தெட்டு வருஷத்துக்கு அந்த ரயில் ஓர் ஆவி. பார்த்த தாத்தாக்கள் சொல்லக் கேட்ட தகப்பன்கள் சொல்லக் கேட்டவர்கள் நாங்கள். டிக்கன்ஸ் இருந்திருந்தால் மொரப்பூரில் இறங்கியிருப்பார்.

*

கிப்ளிங் 1888இல் எழுதிய டாக் பங்களா கதை ஒன்று. ராத்திரி பக்கத்து அறையில் யாரோ பில்லியர்ட்ஸ் ஆடும் சத்தம். காலையில் வயதான கான்சாமா, முன்பு அது ரயில்வே சாகிப்மார்களின் பில்லியர்ட்ஸ் அறை என்கிறான். எழுத்தாளருக்கு மயிர்க்கூச்செறிகிறது. கடைசியில் எலியும் ஆடுகிற ஜன்னல் சட்டமும்.

இங்கிலாந்து மாளிகையில் வேலைக்காரி செய்ததை இங்கே கான்சாமா செய்கிறான். கதை சொல்வது கறுப்பு மனிதன். பேயைப் பார்ப்பது மட்டும் எப்போதும் வெள்ளைக்காரர். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பங்களாக்களில் பேயில்கூடப் பங்கில்லை.

*

சொத்தும் ஆவியும் ஒரே கோப்பில் வருகிற கதை தாமஸ் மன்றோவுடையது. 1792இல் எங்கள் பக்கமான பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீடின் கீழ் வேலை பார்க்க வந்தவர். தருமபுரியில் வீடு, தோட்டம் எல்லாம் வைத்து வாழ்ந்தார். நிலம் அளந்து, ரயத்துக்கு ரயத்து வரி கட்டும் முறையை இங்கேதான் பழகினார்.

பிறகு பெல்லாரிப் பக்கம் கலெக்டராக இருந்தபோது, மந்திராலயத்து மானிய நிலத்தைத் திரும்ப எடுப்பது பற்றி விசாரிக்கப் போனாராம். 1671இல் பிருந்தாவனம் அடைந்த ராகவேந்திரர் அவர் முன்னால் தோன்றி நிலத்தைப் பற்றி விளக்கினாராம். கூட நின்ற யாருக்கும் எதுவும் தெரியவில்லையாம், இவர் பேசியது மட்டும் கேட்டதாம். மானியம் மடத்துக்கே நின்றது என்பது பக்தர்கள் சொல்லும் முடிவு. கடப்பைப் பக்கம் கண்டியில் ஆற்றுக்கு மேலே பொன் தோரணம் கண்டார், அதைக் காண்பவர் அதிக நாள் இருக்கமாட்டார் என்று இன்னொரு கதை. 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. வரி போட வந்த அதிகாரிக்கு முன்னால் செத்தவரே சாட்சி சொல்லி நிலத்தை மீட்டார் என்று ஜனங்கள் ஆசையோடு சொல்லிக்கொண்டார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வேலை.

*

வாடகை. சார்லட் ரிடல் 1875இல் எழுதிய 'குடியில்லாத வீடு'. சொல்பவர் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. வீட்டில் யாரும் தங்குவதில்லை. பாதியில் காலி செய்தவர் மேல் வாடகை பாக்கிக்கு வழக்கு. கோர்ட்டில் பேயைப் பற்றிக் குறுக்கு விசாரணை. புருஷன் திவாலாகி வைத்த கடனை எழுதி அடைத்தவர் ரிடல். பேயைவிடக் கடன்காரன் பயங்கரம் என்று தெரிந்த கை.

அந்தக் காலத்தில் பேய்க்கதை எழுதியவர்களில் பெண்கள் ஏன் அத்தனை பேர்? கட்டிக்கொண்ட பெண்ணின் சம்பாத்தியம் புருஷனுடையது என்பதை இங்கிலாந்துச் சட்டம் 1870இல் கொஞ்சமும் 1882இல் மீதியும் மாற்றியது. அதுவரை ஒரு வீட்டில் இருந்தும் இல்லாமல் நடமாடியவள் மனைவிதான். கேஸ்கெல் தன் எழுத்துப் பணத்தில், புருஷனுக்குத் தெரியாமல், ஹாம்ப்ஷயரில் ஒரு வீடு வாங்கினார். 1865 நவம்பரில் அந்த வீட்டிலேயே பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இறந்துபோனார்.

எங்கள் பக்கம் பேய் வீடு என்று பேர் எடுத்த வீட்டை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடக்கும். பாகப்பிரிவினை முடிந்து வெள்ளையடித்துக் குடிவந்த பிறகு பேயைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

*

சினிமா தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே இரண்டு வரி. வில்கி காலின்ஸின் 'வெள்ளை உடைப் பெண்' 1859இல் தொடராக வர ஆரம்பித்தது. அதன் சாயல் 1964இல் 'வோ கௌன் தீ' என்ற இந்திப் படம் ஆயிற்று. அதுவே 1966இல் 'யார் நீ?'. நாவலிலும் படத்திலும் பேய் கிடையாது. பேய் வேஷம் கட்டியது சொத்தாசை. 2005இல் 'சந்திரமுகி' வந்தபோது நோட்ஸ் பட்டியல் மொத்தமும் கொட்டாய் வரைக்கும் வந்து சேர்ந்தது: அரண்மனை, பூட்டிய அறை, படம், வேலைக்காரர் வாய்ப்பேச்சு, நம்பாத டாக்டர். அரண்மனையைப் பிரபு விலைக்கு வாங்குகிறார் என்பதில்தான் கதை தொடங்குகிறது.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'காஞ்சனை' இந்த வரிசையில் சேராது. அதில் மாளிகை இல்லை, உயில் இல்லை. ஓர் எழுத்தாளன், அவன் மனைவி, சாதாரண வீடு. வாசலில் பிச்சைக்கு வந்தவளை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். பிணம் எரியும் வாடை, கழுத்தில் ரத்தத் துளி, விபூதி. ஒன்றும் விளக்கப்படவில்லை. பேய்க்கதையில் நம் ஆள் ஒருவர் செய்த அசல் காரியம் அது என்று நினைக்கிறேன்: பேய் பரம்பரை வீட்டுக்குள் ஒளிந்திருக்கவில்லை, சோற்றுக்கு என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே கூப்பிடுகிறவள் நம் வீட்டுப் பெண்.

*

டிக்கன்ஸுக்கும் கேஸ்கெலுக்கும் நடந்த தகராறை எழுதாமல் விட்டால் குறிப்பு நிறையாது. 'முதிய தாதியின் கதை'யின் முடிவு டிக்கன்ஸுக்குப் பிடிக்கவில்லை. சத்தம் எல்லோருக்கும் கேட்கட்டும், உருவங்களைக் குழந்தை மட்டும் பார்க்கட்டும் என்றார். கெட்டிக்கார யோசனைதான். ஒரு குழந்தை கண்டால் கனவாகவும் இருக்கலாம், காய்ச்சலாகவும் இருக்கலாம். படிக்கிறவர் இரண்டு பக்கமும் சாய்ந்துகொள்ளலாம். பின்னால் வந்த நல்ல பேய்க்கதைகளில் பாதி இந்தச் சந்தேகத்தை வைத்தே பிழைத்தன.

கேஸ்கெல் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் பார்க்க வேண்டும் என்றார்: தாதி, வேலைக்காரர்கள், தோழி, முக்கியமாக அந்தக் கிழவி. இந்த வழக்கில் நான் கேஸ்கெல் பக்கம். குழந்தை மட்டும் பார்த்தால் அது குழந்தையின் வியாதி. வீடு முழுக்கப் பார்த்தால் வீட்டின் குற்றம். விடிய விடிய நல்லதங்காள் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிக்கன்ஸ் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார், கேஸ்கெல் அசையவில்லை. பத்திரிகை டிக்கன்ஸுடையது. கதை கேஸ்கெல் எழுதியபடியே வந்தது.